வருத்தக் கட்சியின் வெற்றி

எங்கள் கிளப்பை விட்டுப் போன ஆட்டக்காரர்கள் அதற்காகப் பின்னால் வருத்தப்பட்டார்களா இல்லையா என்பதைப் பற்றி நான் பேசித் தீர்த்த அளவுக்கு வேறு எதைப் பற்றியும் பேசியதில்லை. என் கல்யாணத்தைப் பற்றிக்கூட இல்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அறுபதுகளின் கடைசியில் நாலைந்து வருஷம் என் ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின. கூடவே இன்னொரு ஆளின் வாழ்க்கையும் போனது.

கிழக்குத் தாம்பரத்தில் ரயில்வே குடியிருப்பை ஒட்டிய மைதானத்தில் அந்தக் கிளப் ஆடிக்கொண்டிருந்தது. நான் ஒரு நாளும் பந்தை உதைத்தவனில்லை. பள்ளிக்கூட வயதிலேயே கண்ணாடி போட்டவன். நகரத்தில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் கிளார்க், வீடு சேலையூரில். காலையில் சர்ச், மத்தியானம் சாப்பாடு, நாலு மணிக்கு மைதானம், ஆட்டம் முடிந்ததும் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்து டீக்கடை. ஞாயிறு என்றால் இதுதான்.

கிளப் ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்தது ஒரு பன், ஒரு டீ, இரண்டு வாழைப்பழம். ஜெயித்தால் மசால் தோசை. நகரத்தில் இருந்த பெரிய அலுவலகங்களுக்கும் சொந்தமாகக் கால்பந்து அணிகள் இருந்தன. அவை கொடுத்தது வேலை. அதனால் எங்களிடம் யாராவது ஒழுங்காக ஆட ஆரம்பித்தால் அடுத்த சீசனில் அவன் அங்கே இருப்பான். இதில் யாரைக் குறை சொல்ல முடியும்? ஆனாலும் நாங்கள் சொன்னோம்.

டீக்கடையில் இரண்டு கட்சி உண்டு. ஒன்றுக்குத் தலைவர் மிஷன் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். சர்ச் பாடகர் குழுவில் அடிக்குரலில் பாடுகிறவர், கனத்த ஆள், எதையும் அவசரப்பட்டுச் சொல்ல மாட்டார். "போனவனுக்கு என்ன சார் வருத்தம்? ஒண்ணாம் தேதியானா சம்பளம். வருத்தம் நமக்குத்தான்" என்பது அவர் கட்சி. இன்னொன்று வருத்தக் கட்சி. அதற்கு நான் தலைவர். போனவன் எல்லோரும் உள்ளுக்குள் புழுங்குகிறான், வெளியே காட்டிக்கொள்ளாமல் இருக்கிறான், அவ்வளவுதான் என்பது எங்கள் கொள்கை.

ஏன் அதில் அப்படிப் பிடிவாதமாக இருந்தேன் என்று இப்போது தெரிகிறது. நான் எங்கேயும் போகாதவன். டெல்லிக்கு ஒரு முறை மாற்றல் வந்தது, பதவி உயர்வோடு. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். போகாமல் உட்கார்ந்துவிட்டவனுக்கு, போனவன் வருத்தப்பட்டால்தான் ராத்திரி தூக்கம் வரும்.

வெறும் வாய்ப்பேச்சோடு நாங்கள் நிற்கவில்லை. விசாரணை நடத்தினோம். சனிக்கிழமைகளில் மின்சார ரயில் பிடித்து நகரத்து மைதானத்துக்குப் போவோம். மலிவு டிக்கெட் பக்கம் உட்கார்ந்து, ஆட்டத்தைப் பார்க்காமல் போனவனின் முகத்தைப் பார்ப்போம். நம் பக்கம் திரும்பினானா, கோல் போட்டதும் துள்ளினானா, சும்மா திரும்பி நடந்தானா, எல்லாம் கணக்கில் வரும். ஒரு முறை எங்கள் பழைய ஃபுல்பேக் அலுவலகச் சட்டைக்குக் கீழே எங்கள் கிளப்பின் சிவப்பு ஸ்டாக்கிங்ஸ் போட்டுக்கொண்டு இறங்கினான். நான் டிரில் மாஸ்டரின் தொடையில் தட்டினேன். "வேற ஜோடி தோய்ச்சுப் போட்டிருப்பான் சார்" என்றார் அவர். அந்த ஸ்டாக்கிங்ஸ் பற்றிய வழக்கு மூன்று வாரம் நடந்தது.

இந்த நிலைமையில்தான் எங்கள் லெஃப்ட் அவுட், இடது ஓரத்தில் ஆடுகிறவன், போனான்.

அவன் பல்லாவரம் மலைக்காரன். அப்பா கல் குவாரியில் வெடி வைக்கும்போது செத்துப்போனவர். அம்மா அதே குவாரியில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார். அவனும் லாரிக்குக் கல் ஏற்றி வளர்ந்தவன்தான். ஞாயிறு மட்டும் ரயிலேறித் தாம்பரம் வந்து எங்களுக்கு ஆடுவான். இடது காலில் பந்து வந்தால், எதிராளி திரும்பிப் பார்ப்பதற்குள் அவன் கோடு வரை போயிருப்பான். அதிகம் பேச மாட்டான். பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்பான். அவனை எங்கள் எல்லோருக்கும் பிடிக்கும், எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே.

ஒரு பெரிய அரசாங்க அலுவலகம் அவனைக் கூப்பிட்டது. பியூன் வேலை, அணியில் இடம். விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்து கொடுத்தது நான்தான். முதலில் தற்காலிகம், ஒன்றரை வருஷம் கழித்து நடத்தை பார்த்து நிரந்தரம் செய்வார்கள். அவனுக்கு அந்த நிரந்தரம் ஒன்றுதான் குறி. அவன் அம்மாவுக்கு இருமல். கல் தூசி நெஞ்சில் இறங்கியிருக்கிறது, அந்த வேலையை விட்டால்தான் பிழைப்பார் என்று சானடோரியத்து டாக்டர் சொல்லியிருந்தார். "கன்ஃபர்ம் ஆயிட்டா குவார்ட்டர்ஸ் குடுப்பாங்கண்ணா. அம்மாவ மலைலேர்ந்து எறக்கிடுவேன்" என்று பார்க்கிற எல்லோரிடமும் சொல்வான். தற்காலிகச் சம்பளம் இரண்டு தங்கைகளுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போயிற்று. அம்மா மலையில்தான் இருந்தார்.

அவன் போன சீசனில் எங்கள் இடது பக்கம் காலியாகக் கிடந்தது. தோல்விமேல் தோல்வி. தோற்கிற கிளப்பின் ரசிகனைப் போல அற்பமான பிறவி கிடையாது. விசாரணைக்குப் போனோம். ஆட்டம் முடிந்து அவனே கயிறு வரை வந்து கும்பிட்டு, "சௌக்கியமாண்ணா" என்று கேட்டுவிட்டுப் போனான். ரயிலில் திரும்பும்போது டிரில் மாஸ்டர், "கன்னத்தைப் பாத்தீங்களா சார்? சதை வெச்சிருக்கு. வருத்தப்படறவன் கன்னமா அது?" என்றார். பெட்டியில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

பத்து நாள் கழித்து, ஆபீஸ் விட்டு வரும் ரயிலில் அவனைத் தனியாகப் பார்த்தேன். என்னைக் கண்டதும் எழுந்து இடம் கொடுத்தான். நான் உட்கார்ந்தேன், அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சைதாப்பேட்டை தாண்டியதும் கேட்டேன்.

"என்னப்பா, நம்ம கிளப்ப விட்டுட்டுப் போனது வருத்தமா இல்லயா?"

சிரித்தான். கிண்டியில் மறுபடி கேட்டேன். "இன்னாண்ணா, நீங்க வேற" என்றான். மீனம்பாக்கம் வரும்போது மூன்றாவது முறை கேட்டேன். அவன் இறங்க வேண்டிய பல்லாவரம் அடுத்த ஸ்டேஷன்.

"சோறு அங்க கீதுண்ணா. மனசு இங்கதான் கீது" என்றான். வண்டி நின்றதும் இறங்கிப் போனான்.

தாம்பரத்தில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேரே டீக்கடைக்கு ஓடினேன். டிரில் மாஸ்டர் இருந்தார். அவன் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் சொன்னேன். அவர் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்தார்.

"மரியாதைக்குச் சொல்லியிருப்பான் சார். நீங்க முகத்துக்கு நேரா கேட்டா வேற என்ன சொல்லுவான்?"

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. நாலு வருஷத்தில் முதல்முறையாக ஒரு வாக்குமூலம் கிடைத்திருக்கிறது, அதையும் இந்த மனிதர் ஊதித் தள்ளுகிறார். "ஞாயித்துக்கிழமை மட்டும் நமக்கு ஆடலாம்னு அவன் ஆபீஸ்ல பர்மிஷன் குடுக்கட்டும். ஓடி வரானா இல்லையா பாருங்க" என்றேன். "குடுக்க மாட்டாங்களே" என்றார். "கேட்டாத்தானே தெரியும்" என்றேன். அந்த மனு அங்கேதான் பிறந்தது. கிளப்புக்காக என்று பிற்பாடு எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒரு வாதத்தில் ஜெயிப்பதற்காக எழுதியது அது.

மனு எழுதுவதில் எங்கள் ஊரை அடிக்க ஆளில்லை. பாதிப் பேர் கிளார்க்குகள், மீதிப் பேர் வாத்தியார்கள். தெருவிளக்கு, குழாய், சேலையூருக்கு இன்னொரு பஸ், எல்லாமே மனு போட்டு வாங்கியவை. எங்களுக்குத் தெரிந்த ஒரே தந்திரம், மனு யாருக்குப் போகிறதோ அவருக்கு மேலே இருப்பவருக்கு ஒரு நகல் அனுப்புவது. நகல் போனால்தான் கீழே இருப்பவர் பயந்து வேலை செய்வார். இதையும் அப்படியே செய்தேன். மத்தியான இடைவேளையில் ஆபீஸ் தட்டச்சில், கார்பன் வைத்து, நல்ல இங்கிலீஷில் அடித்தேன். மனு அவனுடைய விளையாட்டு அதிகாரிக்கு, நகல் அந்த அலுவலகத்தின் தலைமை அதிகாரிக்கு. மூன்றாவது பத்தியில் அவன் ரயிலில் சொன்னதைப் போட்டேன்: தன் மனம் இன்னும் எங்கள் கிளப்பிடமே இருப்பதாக அவரே எங்களிடம் தெரிவித்திருக்கிறார். முதல் கையெழுத்து என்னுடையது. டிரில் மாஸ்டரும் போட்டார். "சும்மா ஒரு முயற்சிதானே" என்றார். அவனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அரசாங்க ஊழியன் தன் மேலதிகாரிமீது வெளியார் செல்வாக்கைக் கொண்டு வரக் கூடாது என்று ஒரு விதி உண்டு. அது எனக்குத் தெரியும். எத்தனையோ பேருக்குப் போன மெமோக்களில் அந்த விதியை என் விரல்களே தட்டியிருக்கின்றன. மனு எழுதும்போது அது நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ. எனக்கே இப்போது நம்பிக்கையில்லை.

ஒரு மாதம் போனது. ஞாயிறு சர்ச் முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் அவன் நின்றான். அதுவரை என் வீட்டுக்கு வந்ததே இல்லை. உள்ளே கூப்பிட்டால் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றான். மனைவி காப்பி கொண்டு வந்து வைத்தாள். அவன் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதங்களை எடுத்து நீட்டினான்.

"ஆபீஸ்ல குடுத்தாங்கண்ணா. இங்கிலீஷ்ல கீது. இன்னா எழுதிகிறாங்கன்னு சொல்லுங்க."

மேலே இருந்தது மெமோ. வெளியாரைக் கொண்டு அலுவலகத்தின்மேல் அழுத்தம் கொடுத்தது ஏன், அலுவலகத்தின்மேல் பற்றில்லாத ஒருவரை ஏன் நிரந்தரம் செய்ய வேண்டும் என்று பத்து நாளுக்குள் விளக்கம் கேட்டிருந்தார்கள். கீழே இருந்தது எங்கள் மனுவின் நகல். விளையாட்டு அதிகாரி மட்டும் பார்த்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பார். தலைமை அதிகாரிக்குப் போன நகல், அங்கிருந்து சிவப்பு மையில் ஒரு குறிப்போடு கீழே இறங்கியிருந்தது.

மெமோவைத் தமிழில் சொன்னேன். மனுவையும் சொல்ல வேண்டியிருந்தது. நான் எழுதியதை நானே அவனுக்கு வாசித்துச் சொன்னேன், மூன்றாவது பத்தி உட்பட. என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. முடித்ததும் கண்ணாடியைத் துடைத்தேன்.

"கீழ மொத கையெழுத்து உங்களுதுன்னு விளையாட்டு ஆபீசர் படிச்சிச் சொன்னாருண்ணா" என்றான். "அதான் உங்ககிட்டயே வந்தேன். நீங்களே பதில் எழுதிக் குடுத்துடுங்க."

கோபமே இல்லை. அவன் கத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

அந்தப் பதிலில் அவன் சொல்வதாக எழுத வேண்டியது ஒரே வரி. நான் அப்படி எதுவும் சொல்லவில்லை, இந்த மனு எனக்குத் தெரியாது, அவர்களே எழுதிக்கொண்டது. அப்படி எழுதியிருந்தால் வேலை தப்பியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அப்படி எழுதினால் முதல் கையெழுத்துக்காரன், அதாவது நான், பொய் சொன்னவனாகிவிடுவேன். நானும் அரசாங்க ஊழியன். என் ஆபீசுக்கு ஒரு கடிதம் வரும், இன்னொரு அலுவலகத்து விஷயத்தில் மூக்கை நுழைத்து, ஆபீஸ் தட்டச்சில் அடித்த மனுவுக்கு விளக்கம் கேட்பார்கள். உட்கார்ந்து யோசித்தேன். பக்கத்து அறையில் என் மகள் வீட்டுப் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். பயம் வந்தது. பயந்துவிட்டேன் என்பதுதான் நேரான வார்த்தை.

அதனால் அழகாக எழுதினேன். பழைய நண்பர்களிடம் அன்பினால் சாதாரணமாகச் சொன்ன சொல், அதில் வேறு நோக்கம் இல்லை, அறியாமையை மன்னித்து அருள வேண்டும். எழுதியதைச் சொன்னேன். அவன் தலையாட்டினான். "நல்லா கீதுண்ணா" என்றான். கையெழுத்துப் போட்டான். ஆறிப்போன காப்பியைக் குடித்துவிட்டுப் போனான்.

அவன் அப்படிச் சொன்னதாக அவனே ஒப்புக்கொண்ட கடிதம் அது. சீசன் முடிந்த வாரம் தற்காலிக நியமனம் நீட்டிக்கப்படவில்லை என்று அவனுக்கு ஒரு சீட்டு கொடுத்தார்கள். மற்ற அலுவலகங்களும் எடுக்கவில்லை. கால்பந்து உலகம் சின்னது. பேர் கெட்டவன் என்று எல்லா அலுவலகத்துக்கும் தெரிந்துவிட்டது. டீக்கடையில் மட்டும் அவனே வேலையை விட்டுவிட்டான் என்று பேச்சு, நானும் மெமோவைப் பற்றி அங்கே வாய் திறக்கவில்லை.

அடுத்த சீசன் தொடங்கியதும் அவன் எங்கள் மைதானத்துக்கு வந்தான். கிளப் செயலாளர் சிவப்புச் சட்டையைக் கொடுத்தார். ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். யாரோ பட்டாசு கொளுத்தினார்கள். அவன் கோடு வரை ஓடினான், முன்னைப் போலவே. பாதி ஆட்டத்தில் பன்னும் டீயும் கொடுத்தார்கள். பன்னைச் சாப்பிடாமல் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு நாள் ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு பல்லாவரத்தில் இறங்கி மலைக்குப் போனேன். மேல்முறையீடு ஒன்று எழுதலாம், இந்தத் தடவை உண்மையை எழுதலாம் என்று நினைத்திருந்தேன். வழியெல்லாம் வெள்ளைத் தூசி. அவன் லாரிக்குக் கல் ஏற்றிக்கொண்டிருந்தான். கொஞ்சம் தள்ளி, பழைய சாக்குத்துணியைத் தலைக்குமேல் கட்டி, அந்த நிழலில் அவன் அம்மா உட்கார்ந்து ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார். நான்கு அடி அடித்தால் ஒரு இருமல்.

"எம்மா, இவருதான் தாம்பரம் சார்" என்றான்.

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். "எம் புள்ளைக்கு வேலைக்கு எழுதிக் குடுத்த சாரா? நல்லா இருப்ப சாமி. இருந்த வரைக்கும் ராசாவாட்டம் இருந்தான்" என்று என்னைக் கும்பிட்டார். அவர் அதற்கு மேல் இரண்டு வருஷம் உயிரோடு இருந்தார். இரண்டு வருஷமும் அந்தச் சாக்குத்துணிக்குக் கீழேதான்.

அவனைத் தனியே கூப்பிட்டு மேல்முறையீட்டைப் பற்றிச் சொன்னேன். என் பேரைப் போட்டே எழுதுகிறேன், உனக்குத் தெரியாமல் நானே போட்ட மனு என்று எழுதுகிறேன் என்றேன். கையிலிருந்த தூசியை லுங்கியில் துடைத்தான்.

"வேணாண்ணா. நீங்க எழுதனது போதும்."

குத்தலாகச் சொல்லவில்லை. அலுப்பாகச் சொன்னான். அத்தோடு திரும்பியிருக்க வேண்டும். நாலு வருஷத்துப் பழக்கம் விடவில்லை.

"ஒண்ணு கேக்கறேன், உண்மைய சொல்லு. அங்க இருந்தப்ப, நம்ம கிளப்ப விட்டுட்டோமேன்னு வருத்தம் இருந்துச்சா?"

"ஒரு நாள்கூட இல்லண்ணா" என்றான். "மத்தியானம் கேன்டீன்ல சோறு. தலைக்கு மேல ஃபேன். சம்பளத்தன்னிக்கி பேரு சொல்லிக் கூப்ட்டு கையெழுத்து வாங்குவாங்க. இன்னாத்துக்குண்ணா வருத்தப்படணும்? ரயில்ல நீங்க மூணு தபா கேட்டீங்க. இல்லன்னு சொன்னா உங்க மூஞ்சி வாடிப்பூடும்னு சொன்னேன்."

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவன் போய்க் கல்லைத் தூக்கினான்.

அந்த ஞாயிறு நாங்கள் ஜெயித்தோம். இரண்டு கோலும் அவனுடையது. டீக்கடையில் ஒரே கூட்டம். டிரில் மாஸ்டர் எல்லோருக்கும் முன்னால் என் தோளில் கை வைத்தார்.

"தோத்துட்டேன் சார். நீங்க சொன்னதுதான் சரி. மனசு இங்கதான் இருந்திருக்கு, அதான் வேலைய விட்டுட்டு வந்து நிக்கறான்" என்றார். "நீங்க மலைக்குப் போய்ப் பாத்தீங்களாமே. வருத்தப்பட்டேன்னு அவன் வாயால சொன்னானா?"

எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் இருபது அடி தள்ளி, பைப்பில் கால் கழுவிக்கொண்டிருந்தான். காதில் விழுந்திருக்கும்.

"சொன்னான்" என்றேன்.

டிரில் மாஸ்டர் எனக்கு ஒரு டீ சொன்னார். நான் வாங்கிக் குடித்தேன்.